சாய்ந்த படகுக்கு ஒரு தரை

டெய்லரக்காவின் கால் தரைக்குள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பிலிருந்து தையல் மெஷினுக்கு நாலு எட்டு. தேநீர் டம்ளரோடு மூன்றாவது எட்டு வைத்தபோது பிளைவுட் பொத்தென்று உள்வாங்கி, வலது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. கீழே தேங்கிக் கிடந்த தண்ணீர் சில்லென்று பாதத்தைத் தொட்டது. அவள் அலறவில்லை. டம்ளரைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற நிலையிலேயே தேநீரைக் குடித்து முடித்தாள். பிறகுதான் காலை எடுத்தாள்.

"வேற என்ன செய்யறது? காலு எங்கயும் ஓடிடாது. டீ ஆறிடும்" என்று அன்று சாயங்காலம் படகுத்துறை கிரேன் டிரைவரிடம் சொன்னாள்.

ஜன்னல் ஓரம் கசிந்த மழைத் தண்ணீர் பல மாதமாகப் பலகையைத் தின்றிருக்கிறது. இதையெல்லாம் கவனிக்கிற ஆள் இப்போது இல்லை. தண்ணீர் முழுக்க வலது பக்கமே ஓடித் தேங்கியதற்கும் காரணம் அதுதான். எட்டு மாதமாக அவள் குடியிருக்கும் படகு வலது பக்கம் சாய்ந்து கிடக்கிறது.

அவளுக்கு அறுபத்தொரு வயது. பதினாறில் ஒரு சீருடைக் கடையில் பட்டன் தைக்க உட்கார்ந்தவள். ஒரே ட்யூப் லைட்டுக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். பத்தொன்பது வயதில் கத்தரிக்கோல் அவள் கைக்கு வந்தது. அந்தக் கடையில் அவள் கண்டுபிடித்த ஒரு விஷயம், உலகத்தில் யாருக்கும் இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இல்லை என்பது. பை சுமந்தவனுக்கு ஒரு பக்கம் இறங்கியிருக்கும், பிள்ளை சுமந்தவளுக்கு இன்னொரு பக்கம். அதை யாரிடமும் சொல்லக் கூடாது. இறங்கின தோளுக்கு உள்ளே இரண்டு மடிப்புத் துணியை வைத்துத் தைத்துவிட வேண்டும். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்க்கிறவன் தன்னை நிமிர்ந்த ஆள் என்று நம்பிப் போவான்.

அந்தக் கடைக்குத்தான் அவரும் வந்தார். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மோட்டார் படகின் டிரைவர். சீருடை பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி ஒரே வருஷத்தில் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை அவள் பேன்ட்டைத் திருப்பிப் போட்டுக் காட்டினாள்.

"இனிமே பிரிக்கத் துணி இல்லைங்க. ஒண்ணு சாப்பாட்டைக் குறைங்க, இல்லாட்டி வேற டெய்லரைப் பாருங்க."

"சாப்பாட்டைக் குறைக்க முடியாது. வேற டெய்லரும் வேணாம். மூணாவதா ஒரு வழி இருக்கு. உங்க வீட்ல வந்து கேக்கட்டுமா?"

பதினைந்து வருஷம் வாடகை அறைகளில் போனது. மகளுக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது அவர் ஒரு நாள் கை நிறையச் சாவியோடு வந்தார். ஆற்றை அளக்கும் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய படகு ஒன்றை வாங்கியிருந்தார்.

"வீடு வாங்குங்கன்னு சொன்னா படகு வாங்கிட்டு வந்து நிக்கிறீங்களே!"

"வீடு இருந்த இடத்துலயே இருக்கும். இது நகரும். ஒரு வசதி கூடுதல்தானே."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் படகு மூன்று தடவை நகர்ந்தது. மூன்று தடவையும் வேறு படகு கட்டி இழுத்துத்தான். எஞ்சினுக்கு எப்போதும் ஏதாவது ஒரு சாமான் வாங்க வேண்டியிருந்தது.

மூன்று படி இறங்கினால் அறை. பன்னிரண்டு அடி நீளம், ஏழு அடி அகலம். இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக நீளப் பெஞ்சு. அதுவே படுக்கை. இடது பெஞ்சு அவருடையது, வலது பெஞ்சு அவளுடையது. மகளுக்குப் படகின் மூக்குப் பக்கம், முன்னால், ஒரு சின்ன இடம். நடுவில் தையல் மெஷின். மற்றப் படகுகளுக்கு மேல்கூரைத் துணியும் மெத்தை உறையும் தைத்துக் கொடுத்தாள். துறையில் எல்லாருக்கும் அவள் டெய்லரக்கா ஆனது அப்படித்தான்.

முதல் வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அவர் தொண்ணூற்றிரண்டு கிலோ. அவர் படுத்ததும் படகு இடது பக்கம் சரியும். அவள் தன் பெஞ்சிலிருந்து உருண்டு தரையில் வந்து விழுவாள்.

"பாருங்க, பொண்டாட்டியப் படகுலேர்ந்து தள்ளி விடற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"நான் எங்க தள்ளினேன்? நீதான் என் பக்கம் உருண்டு வர்றே. ஆசையை ஏன் மறைக்கிறே?"

"அய்யே. பொண்ணு முழிச்சிருக்கா."

மறு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கிருந்தோ நாலு இரும்புக் கட்டிகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. தரையைப் பெயர்த்து, அவளுடைய பெஞ்சுக்கு அடியில், படகின் அடிவயிற்றில் அவற்றை வரிசையாக வைத்தார். இரும்பு உராய்ந்து படகைக் காயப்படுத்தாமல் இருக்க அவள் கித்தானில் உறை தைத்துக் கொடுத்தாள். தரையை மூடிவிட்டு இருவரும் அவரவர் இடத்தில் படுத்துப் பார்த்தார்கள். படகு நேராக நின்றது.

"இப்ப நீயும் நானும் சமம்" என்றார்.

அதில் ஒரு விளைவு இருந்தது. அதை இருவரும் எதிர்பார்க்கவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு அவர் எழுந்து படியேறி வெளியே போனதும் படகு மெல்ல வலது பக்கம் சாயும். அவள் தூக்கத்திலேயே அறிவாள்: ஆள் கிளம்பியாயிற்று. சாயங்காலம் மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது காலடியில் தரை நிமிரும். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆள் வந்தாயிற்று. வந்தவர் பேசுவதற்கு முன்பே "கை கழுவிட்டு உக்காருங்க" என்பாள். இருபத்திரண்டு வருஷமும் அவர் இது எப்படி அவளுக்குத் தெரிகிறது என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளைக்கு அந்த அளவு ரகசியம் இருக்கலாம்.

எட்டு மாதம் முன்பு ஒரு காலை, எஞ்சினுக்கு ஒரு பெல்ட் வாங்கி வருகிறேன் என்று போனார். கடை வாசலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அவள் கூடவே இருந்தாள். கடைசியில் கையைப் பிடித்திருந்ததும் அவள்தான். நடந்ததில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஆனால் திரும்பி வந்து படியிறங்கியபோது படகு வலது பக்கம் சாய்ந்திருந்தது. அவர் வெளியே போயிருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி. அவள் அதன்மேலேயே வாழத் தொடங்கினாள். டம்ளர் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் விரித்தாள். தானாகத் திறந்துகொள்ளும் அலமாரிக் கதவை ரிப்பனால் கட்டினாள். மெஷினின் வலது காலுக்கு அட்டை மடித்து வைத்தாள். இடது பெஞ்சின் மேல் ஒரு துணிகூடப் போடவில்லை. நிறைய மேல்கூரைத் துணி வந்து இடமில்லாமல் போன மாதங்களிலும் அதை எல்லாம் தன் பெஞ்சிலேயே அடுக்கி, ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தாள்.

வீடியோவில் பேசும்போது மகள் கேட்டாள்: "அம்மா, ஏன் தலைய சாச்சுக்கிட்டே பேசறே?"

"ஃபோனு சாஞ்சிருக்கு பாப்பா."

பாப்பாவுக்கு முப்பத்தாறு வயது. வேறு ஊரில், பாலங்கள் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் பார்க்கும் வேலை.

தரை உடைந்ததைக் கேட்டு மகள் சொன்னது மூன்றே வாக்கியம். பிளைவுட் வேண்டாம், பலகை வாங்கு. ஆள் வைத்துச் செய். நான் அடுத்த வியாழக்கிழமை வருகிறேன்.

அவள் பலகை வாங்கினாள். ஆள் வைக்கவில்லை. இருபது வருஷமாகப் படகின் ஒவ்வொரு மூலைக்கும் மெத்தை உறை வெட்டியவளுக்கு அந்தப் படகின் அளவு தெரியாதா? பழைய தரையைப் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுபோனாள். அடிவயிற்றுத் தண்ணீரை டப்பாவால் மொண்டு ஊற்றி, பழைய துணியால் துடைத்தாள். குறுக்கே ஏழு சட்டங்கள் இருந்தன. அவை கெட்டியாக இருந்தன. வலது பக்கம், தன் பெஞ்சுக்கு அடியில், நாலு கித்தான் மூட்டைகள். உறையில் தன்னுடைய தையல். ஒரு இடத்தில் நூல் கொஞ்சம் பிரிந்திருந்தது. ஊசி எடுத்து வந்து குப்புறப் படுத்து அதை மட்டும் தைத்துவிட்டு மேலே வந்தாள்.

பிறகு செய்தித்தாளை ஒட்டி ஒட்டி, படகின் வளைவுக்கு ஏற்றாற்போல் வெட்டி, குண்டூசி குத்தி, தரை முழுவதற்கும் காகித மாதிரி தயாரித்தாள். அதைப் பலகைமேல் விரித்துத் தையல் சாக்பீஸால் கோடு போட்டாள். கிரேன் டிரைவர் தன் மின்சார ரம்பத்தால் கோட்டின்மேல் அறுத்துத் தந்தார். பார்க்க அழகாக இருந்தது. கொண்டுபோய் வைத்தால் ஒரு பலகைகூட உள்ளே போகவில்லை. எல்லாமே சுற்றிலும் அரை அங்குலம் பெரிசு.

கிரேன் டிரைவர் மேலே நின்று குனிந்து பார்த்தார். பெரிய உடம்பு. துறையில் அவரை மலை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குறுகலான படியில் இறங்க அவருக்கு எப்போதும் தயக்கம். வாசலோடு நின்றுவிடுவார்.

"என்னக்கா இது? ரம்பம் கோட்டு மேலதான் போச்சு. நான் கை வெக்கலை."

"கோடு சரிதான் மலை. நான் தையலுக்கு விட்டுட்டேன்."

"எதுக்கு விட்டீங்க?"

"தையலுக்கு. சுத்தி அரை அங்குலம். நாப்பத்தஞ்சு வருசப் பழக்கம். கை தானா விட்டுடுச்சு."

மலை வயிறு குலுங்கச் சிரித்ததில் துறையில் கட்டியிருந்த நாலு படகிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. "பலகைய மடிச்சுத் தைக்கப் போறீங்களா? பட்டன் எங்கக்கா வரும்? முன்னாலயா பின்னாலயா?"

"உன் வாயில தெக்கிறேன் வா."

ஃபோனில் மகளும் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்துக் கேட்டது அன்றுதான். "மரம் தண்ணி பட்டா ஊறும்மா. அதுக்கு விடக் கூடாது, குறைக்கணும். சுத்தி கால் அங்குலம் இடைவெளி." ஆக, எல்லாப் பலகையையும் முக்கால் அங்குலம் இழைத்துத் தள்ள வேண்டியதாயிற்று. மலை இழைப்புளியைக் கொடுத்துவிட்டு, "சேலையில தூள் ஒட்டும், பாத்து" என்று சொல்லிப் போனார்.

இரண்டு நாள் இழைத்தாள். அந்த இரண்டு நாளும் அவள் மனசில் ஓடியது பலகை இல்லை. பலகையை இறக்கித் திருகாணி போட்டுவிட்டால் அடியில் இருக்கும் இரும்பு எட்டாது. மகள் வருவதற்குள் போட்டுவிட்டால் அதைப் பற்றிப் பேச்சே வராது. ஆனால் மகள் ஃபோனிலேயே கேட்டுவிட்டாள்.

"அம்மா, அடியில இரும்பு இருக்குல்ல? மூடறதுக்கு முன்னாடி அதை மாத்தி வெக்கணும். படகு வலது பக்கம் சாஞ்சிருக்கு. உன் தலை இல்லை, ஃபோன் இல்லை. படகுதான்."

"சரி, பாக்கலாம்."

"பாக்கலாம் இல்லைம்மா. அப்பாவோட எடைக்காக வெச்சது அது."

"பாக்கலாம்னு சொன்னேன்ல பாப்பா."

அன்று மத்தியானம் அவளுக்கு வழி தோன்றியது. தோள் இறங்கினவனை நிமிர்த்த முடியாது, சட்டையைத்தான் திருத்த வேண்டும். பழைய பிளைவுட்டில் நல்ல பாகமாகப் பார்த்துப் பட்டை பட்டையாக அறுத்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றைவிட ஒன்று குட்டையாக, பசை போட்டு ஒட்டினாள். தோளுக்கு வைக்கும் மடிப்புத் துணி எப்படியோ அப்படி. ஏழு சட்டத்துக்கும் ஏழு தக்கை. வலது ஓரத்தில் இரண்டு விரல் கனம், நடுவில் ஒரு விரல், இடது ஓரத்தில் ஒன்றுமில்லை. அவற்றைச் சட்டங்களின்மேல் ஆணி வைத்து அடித்து, பலகைகளைப் பரப்பி, தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கை நீட்டி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது.

இரும்பு இருந்த இடத்தில் இருக்கிறது. படகு சாய்ந்தபடி இருக்கிறது. தரை மட்டும் நேர். யாருக்கும் நஷ்டமில்லை.

வியாழக்கிழமை மகள் வந்தாள். மழை. பையை வைக்கும் முன்பே அறையின் நடுவில் நின்று ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்குத் தல சுத்துது."

"பஸ்ல வந்த களைப்பு."

"இல்ல. தரை நேரா இருக்கு. சுவரு, ஜன்னலு, பெஞ்சு எல்லாம் சாஞ்சிருக்கு. என்ன பண்ணினே?"

ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தாள். தக்கையைப் பார்த்தாள். அடுக்கின் சீர், ஒட்டின நேர்த்தி எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். நல்ல வேலைதான்.

"தப்பு படகுலம்மா இருக்கு. தரையில இல்ல."

"படகு பாட்டுக்கு இருக்கட்டும். உனக்கென்ன?"

"நாலு இரும்புக் கட்டி. பத்து நிமிஷ வேலை. எதுக்கு இந்த ஏழு தக்கை? எத்தன நாள் உக்காந்து செஞ்சே இதை?"

"நான் இருக்கற இடம். எனக்கு இப்படித்தான் வேணும்."

"எப்படித்தான்?"

மகள் ஈர முடியைத் துவட்டினாள். இருவரும் ஒரே மாதிரி: கோபம் வந்தால் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுப்பார்கள். அம்மா மெஷினில் பாபினுக்கு நூல் சுற்ற ஆரம்பித்தாள். மகள் திருகாணிகளை எண்ணிப் பத்துப் பத்தாகப் பிரித்தாள். அம்மாவுக்குத் தான் எதற்காக அடம்பிடிக்கிறோம் என்று தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும் என்றும் தெரியும். அவர் இன்னும் வெளியில்தான் இருக்கிறார் என்று சொல்லும் பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்று மிச்சம். அந்த நாலு கட்டியை நகர்த்திவிட்டால் அதுவும் இல்லை.

மூன்று மணிக்கு மழை வலுத்தது. மலை இழைப்புளியை வாங்கிப்போக வந்தவர் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்.

"உள்ள வாங்கண்ணே, எதுக்கு நனையறீங்க" என்றாள் மகள். "டீ போடறேன்."

"இந்தப் படியில நான் இறங்கினா அப்புறம் கிரேன் வெச்சுத்தான் தூக்கணும். கிரேன் ஓட்ட ஆளு நான்தான். நான் உள்ள மாட்டிக்கிட்டா யாரு ஓட்டறது?"

"வாங்க, வாங்க."

அவர் பக்கவாட்டாகத் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மகள் அடுப்படியில் நின்றாள். அம்மா தன் பெஞ்சில் உட்கார்ந்து, கழற்றிய பாபினைக் கையில் வைத்திருந்தாள். மலைக்கு உட்கார இருந்தது ஒரே இடம். இடது பெஞ்சில் உட்கார்ந்தார்.

படகு நிமிர்ந்தது.

மெல்ல, ஒரு பெருமூச்சு விடும் நேரத்துக்குள், பாதத்துக்கு அடியில், எட்டு மாதத்துக்குப் பிறகு. அம்மா நூலைப் பார்த்துக் குனிந்திருந்தாள். அவள் நிமிரவில்லை. அவளுடைய வாய் தானாகச் சொன்னது:

"வந்துட்டீங்களா? கை கழுவிட்டு உக்காருங்க."

மலை தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கை சுத்தமாத்தானேக்கா இருக்கு. மழையில நல்லாக் கழுவியாச்சு."

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கினாள். எதிர்ப் பெஞ்சில் மலை. கையிலிருந்த பாபின் நழுவிப் புதுத் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்கவில்லை. நூலை விட்டுக்கொண்டே பலகைகளின்மேல் இடது பக்கமாக உருண்டு போய், மலையின் செருப்பில் முட்டி நின்றது. மலை அதை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. நூல் கிடந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அடுப்பை அணைக்க மறந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மலை டீயைக் குடித்தார். தரை பிரமாதம் என்றார். எதையோ புரிந்துகொண்டவர் போல இழைப்புளியைக்கூடக் கேட்காமல் மழையோடு கிளம்பினார். அவர் படியேறியதும் படகு மறுபடி வலது பக்கம் சாய்ந்தது. தரை நேரானது.

கிடந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்.

"ரெண்டு பேரும் எடத்துல இருந்தா படகு நேரா நிக்கும் பாப்பா. அவரு வெளிய போனா சாயும். காலையில எழுந்து போறதும் சாயங்காலம் வர்றதும் எனக்குக் காலுல தெரியும். இத்தன வருசமும் அப்படித்தான் தெரியும்."

மகள் மலை குடித்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"சாஞ்சே இருந்தா, போயிருக்காருன்னு இருக்கும். அதான்."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா" என்றாள் மகள். "நான் முன்னால நடுவுல படுத்தேன். நடுவுல படுத்தா ஒண்ணும் தெரியாது." அதைச் சொல்லும்போது அவள் குரல் கணக்குப் பார்க்கிறவளின் குரல் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்படியே விட்டுடலாம்மா. வேணும்னா விட்டுடலாம். கொஞ்சம் சாஞ்சா படகு முழுகிடாது. தல சுத்தறது ரெண்டு நாள்ல பழகிடும்."

அம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "பாபின் உருண்டதைப் பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அவரு வந்து உக்காந்தா படகு நிமிரும். இந்தத் தரை சரியும். அவரு இல்லாத படகுக்குத்தான் இந்தத் தரை நேரு." பலகையைப் பாதத்தால் தேய்த்தாள். "அவருக்கு எடம் வெச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டே, வரமாட்டாருன்னு அளவெடுத்துத் தெச்சிருக்கேன். எட்டு மாசமா வாய் சொல்லாததை என் கை சொல்லிடுச்சு."

அதன்பிறகு அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதது, படகுக்குத் திரும்பியபோது அழாதது. மகள் அவள் முதுகைத் தடவவில்லை, சமாதானம் சொல்லவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அதையே செய்தாள்.

மழை விட்டதும் அம்மா உளியை எடுத்தாள். ஏழு தக்கையையும் அவளே பெயர்த்தாள். பசை போட்ட வேலை லேசில் வரவில்லை. மூன்று தக்கை உடைந்தே வந்தது. "நல்லாத்தான் ஒட்டியிருக்கேன்" என்றாள். எல்லாம் எடுத்து முடித்துச் சட்டங்கள் வெறுமையானதும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இரும்பை எங்க வெப்பே?"

"உன் எடை எவ்வளவு?"

"அம்பத்தி நாலு."

மகள் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தாள். "நாலையும் இடது பக்கம் வெக்கணும். தண்ணி கேனையும் அந்தப் பக்கம் மாத்தினா நீ உன் எடத்துல படுத்திருக்கும்போது நேரா நிக்கும்."

"அவரு எடத்துக்கு அடியில."

"ஆமாம்மா."

"சரி. நான் படுத்துக்கறேன். நீ ஒண்ணொண்ணா எடு. அவசரப்படாதே."

அவள் தன் பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் சட்டங்களுக்கு நடுவே முட்டி போட்டு, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு முதல் மூட்டையை இழுத்தாள். இரண்டு கையாலும் ஏந்தி எதிர்ப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். படகு கொஞ்சமாக அசைந்தது.

"தெரியுதா?"

"ம்."

இரண்டாவது. கயிறு முனகியது. அலமாரிக் கதவின் ரிப்பன் தளர்ந்து தொங்கியது.

"தெரியுதா?"

"ம். மெதுவா."

மூன்றாவது மூட்டையைத் தூக்கும்போது மகளுக்கு மூச்சு வாங்கியது. அதை இறக்கி வைக்கிறபோது, கல்லை இறக்குவது போல் இல்லாமல், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்தினாள். அம்மாவின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி மெதுவாக விட்டது. நாலாவதை வைத்தாள். தண்ணீர் கேனையும் நகர்த்தினாள். ஜன்னலின் விளிம்பும் வெளியே ஆற்றின் கோடும் ஒன்றாயின.

இந்த முறை மகள் தெரியுதா என்று கேட்கவில்லை. அம்மா கண்ணைத் திறக்காமல் வெகுநேரம் படுத்திருந்தாள். எழுந்தால் மறுபடி அசையும். அசையாமல் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று மகளும் இரும்புக்குப் பக்கத்திலேயே சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளியும் சனியும் பலகை போட்டார்கள். மகள் துளை போட, அம்மா திருகாணி முடுக்கினாள். நூற்றுப் பன்னிரண்டு திருகாணி. இடைவெளிகளில் ரப்பர் பசையை அம்மா ஓட்டிய நேர்த்தியைப் பார்த்து மலை, "இது மட்டும் தையல் மாதிரியே இருக்குக்கா" என்றார். எண்ணெய் தடவிக் காயவிட்டு, மெஷினைத் திரும்ப வைத்தார்கள். காலுக்கு அடியில் இருந்த அட்டையை மகள் எடுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கிளம்பினாள். படியில் நின்று, "ஃபோனை நேரா வெச்சுப் பேசு" என்றாள். "நீ சாப்பிட்டுட்டுப் பேசு" என்றாள் அம்மா.

மகள் போன பிறகு டெய்லரக்கா தைத்து வைத்திருந்த மேல்கூரைத் துணியை மூட்டையாகக் கட்டினாள். மூன்றாவது படகுக்காரர் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த துணி அது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். துறைப் பலகையில் கால் வைத்து நாலடி நடந்ததும் பின்னால் கயிறு இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

படகு இடது பக்கம் சாய்ந்து நின்றது. அதிகமில்லை, ஒரு விரல். அந்தப் பக்கத்து ஜன்னலின் அடி தண்ணீருக்குக் கொஞ்சம் கிட்டே போயிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இதை வெளியிலிருந்து பார்த்ததில்லை. ஒருவர் போனதும் படகு எப்படி நிற்கும் என்று அவளுக்கு உள்ளிருந்துதான் தெரியும். இப்போது உள்ளே யாரும் இல்லை. போனவள் அவள்.

எதிரே வந்த ஒருவர் வழி விடச் சொல்லும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, வழக்கத்தைவிடச் சற்று வேகமாக நடந்தாள்.